பகலில் எரியும் கார் விளக்கு: கராச்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வாகன மின்வேலை செய்யும் எங்கள் கராச்சுக்கு, 2025 இல் இலங்கையின் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் புதிய கார்கள் கூடுதலாக வரத் தொடங்கியுள்ளன. என்ஜினை இயக்கியவுடன் முன்னால் தானாக எரியும் வெள்ளை விளக்கை நிறுத்தித் தர முடியுமா என்ற கேள்வியும் அவற்றோடு கிழமைக்கு மூன்று நான்கு தடவையாவது வந்து சேர்கின்றது. கராச்சுகளில் இதை டீ.ஆர்.எல். என்போம், இங்கே பகல் விளக்கு என்று எழுதுகிறேன். முன்பெல்லாம் கேட்டவுடன் நிறுத்திக் கொடுத்த நான், இப்போது காரணம் கேளாமல் அந்த வயரில் கை வைப்பதில்லை. ஏன் என்பதை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்து பதிலை அடியில் எழுதியிருக்கிறேன்.

அண்ணை, எதிரில வாற ஆக்கள் எல்லாம் கையைக் காட்டுகினம், லைற் எரியுதாம். நான் ஒண்டும் போடேல்லையே?

நீங்கள் போடவில்லை, கார் தானாகப் போட்டிருக்கிறது. விரல்களைக் குவித்து விரித்து "லைற் எரியுது" என்று காட்டுவது எங்கள் வீதிகளில் நெடுநாளாக இருக்கும் நல்ல பழக்கம். அப்படிக் காட்டுபவர் உங்கள் பற்றரி இறங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் காட்டுகிறார். கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போகலாம்.

இங்கே இந்த விளக்கு புதிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவித்துவிட்டு அனுப்பப்பட்டவை. ஜப்பான் தனது பாதுகாப்பு விதிகளில் இந்த விளக்குக்கு இடம் கொடுத்ததே 2016 ஒக்டோபரில்தான். புதிய மொடல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 2020 ஒக்டோபரில். அதற்கு முன்னர் வந்த விற்ஸ், அக்சியோ, வகன் ஆர் போன்றவற்றில் பெரும்பாலானவை இந்த விளக்கு இல்லாமலே வந்தன.

பகல் வெளிச்சத்தில லைற் எரிஞ்சு றோட்டில என்ன தெரியப்போகுது?

வீதியில் உங்களுக்கு எதுவும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. இந்த விளக்கு நீங்கள் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. மற்றவர் உங்களைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டது. காருக்குள் இருப்பவருக்கு இதன் பயன் ஒருநாளும் கண்ணில் படாது என்பதால்தான் வீண் செலவு என்ற எண்ணம் இவ்வளவு எளிதாக வருகிறது.

காரை விட்டிறங்கி, ஒரு சித்திரை மாத நண்பகலில், பலாலி வீதியில் ஏறும் ஏதாவதொரு ஒழுங்கையின் முகப்பில் சைக்கிளோடு நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆளுயர மதில். சூரியன் நேரே உச்சியில் நிற்பதால் வேம்பின் நிழலும் மாமரத்தின் நிழலும் மரத்தடியிலேயே கறுப்புத் திட்டுகளாக விழுந்து கிடக்கும். நிழலுக்கு அப்பால் தார் வெள்ளையாகப் பளபளக்கும். அந்தக் கறுப்புக்குள் வரும் சாம்பல் நிறக் கார், நிழலை விட்டு வெளியே வரும் வரைக்கும் நிழலின் ஒரு துண்டாகவே தெரியும். அதே கார் இரண்டு வெள்ளைப் புள்ளிகளோடு வந்தால், நேராகப் பார்க்காவிட்டாலும் கடைக்கண்ணில் தட்டுப்படும். கடைக்கண்ணுக்கு உருவம் தெளிவாகத் தெரிவதில்லை, ஆனால் சுற்றியுள்ளதை விடப் பிரகாசமான ஒன்று அதற்கு உடனே தெரியும். பகல் விளக்கு நம்பியிருப்பது இதைத்தான்.

இன்னோரிடம் ஆனையிறவு. கடல்நீரேரியை அடுத்த வெளியில் ஏ9 வீதி நேர்கோடாகக் கிடக்க, மத்தியானத்தில் அதன் மேல் கானல் நீர் போல ஆடும். எதிரில் வருவது வாகனமா கானலா, வருகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் முந்திச் செல்ல வெளியே எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தால் அந்தச் சந்தேகம் மிகவும் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

பற்றரி இறங்கிப் போகாதோ? பெற்றோலும் கூடக் குடிக்குமெல்லோ?

என்ஜின் ஓடும்போது விளக்குக்கு மின்சாரம் கொடுப்பது, என்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஒல்ரனேற்றர். ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரியிலிருந்து வரும் மின்சாரம் 12 வோல்ற்றாக மாற்றப்பட்டுக் கொடுக்கப்படுகிறது. ஓடும் காரில் பற்றரி இறங்குமானால் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி ஒரு மணிநேரம் காத்திருப்பவருக்குப் பற்றரி இறங்கத்தான் செய்யும். அதில் பகல் விளக்குக்கும் சில கார்களில் பங்கு உண்டு.

பெற்றோல் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். எல்.ஈ.டி. பகல் விளக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15 வாற்று எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒல்ரனேற்றரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் என்ஜின் கொடுக்க வேண்டியது 25 வாற்று அளவில் இருக்கும். அதற்கு மணிக்குச் செலவாகும் பெற்றோல் 10 மில்லிலீற்றருக்கும் குறைவு. கொழும்புக்கு 400 கிலோமீற்றரை எட்டு மணித்தியாலத்தில் ஓடினால் அரைக் கோப்பை தேநீர் அளவுதான் கூடுதலாகப் போயிருக்கும். பகலில் சாதாரண ஹலோஜன் ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடினால் கணக்கு வேறு: முன்னால் இரண்டு 55 வாற்று பல்ப், பின் லைற், நம்பர் தகட்டு லைற் எல்லாம் சேர்ந்து அதே பயணத்துக்கு அரை லீற்றருக்குச் சற்று மேலே போகும். பகலுக்கென்று தனி விளக்கு செய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது நோர்வே, கனடா மாதிரி இருட்டு நாடுகளுக்கெண்டு கொண்டுவந்தது. எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு?

பாதி சரியான கேள்வி இது. எங்கள் உறவுகள் போய்க் குடியிருக்கும் நாடுகளின் பட்டியலும் இந்த விளக்கின் வரலாறும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பின்லாந்து 1972 இல் குளிர்கால நாட்டுப்புற வீதிகளுக்கு இதைக் கொண்டுவந்தது. சுவீடன் 1977 இல், நோர்வே 1980 களில், டென்மார்க் 1990 இல் பகலில் விளக்கெரித்து ஓடுவதைக் கட்டாயமாக்கின. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின்னர் செய்யப்பட்ட புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. சுவிற்சர்லாந்து 2014 ஜனவரியில் பகலில் விளக்கெரிப்பதைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி முதல் புதிய கார் மொடல்கள் இந்த விளக்கோடுதான் வர வேண்டும்.

ஒஸ்லோ 60 பாகை வடக்கே இருக்க, யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும், அந்தி நீண்டுகொண்டே போகும். நில நடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த விளக்கின் பயன் குறையும் என்று ஆராய்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கும் மங்கலான பகல்கள் உண்டு: கார்த்திகை, மார்கழி மழை, தை மாதத்து விடியற்காலைப் பனிமூட்டம், காலையில் கிழக்கு நோக்கிச் சாவகச்சேரிப் பக்கம் போகும்போது நேரே கண்ணில் குத்தும் வெயில். உச்சி வெயிலில் நிழல் செய்யும் வேலையை மேலே சொல்லிவிட்டேன்.

உண்மையில விபத்துக் குறைஞ்சிருக்கோ? சும்மா கதையோ?

குறைந்திருக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. நோர்வேயைச் சேர்ந்த ரூனே எல்விக் என்ற ஆய்வாளர் 1996 இல் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். விளக்கெரித்து ஓடும் கார்களுக்கு, பகலில் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் சம்பந்தப்படும் விபத்துக்கள் 10 முதல் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தன. நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய இடங்களில் மொத்தக் குறைவு 3 முதல் 12 சதவீதத்துக்குள் நின்றது.

இதற்கு மாறான முடிவும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், வான், பிக்கப் போன்ற வாகனங்கள் சம்பந்தப்பட்ட இரு வாகன விபத்துக்களில் 5.7 சதவீதக் குறைவு காணப்பட்டதே தவிர, மொத்தத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய பயன் எதுவும் காணப்படவில்லை. அமெரிக்கா இன்றுவரை இதை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால், உயிரைக் காக்கும் அற்புதம் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அரைக் கோப்பை பெற்றோலுக்குக் கிடைக்கும் சிறிய பயனை வயர் வெட்டித் தொலைப்பதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

கார் எல்லாம் லைற் போட்டால் மோட்டார் சைக்கிள்காரரை ஒருத்தரும் கவனியாயினம் எண்டு சொல்லுகினமே?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீதிகளில் அதிகமாக அடிபடுபவர்கள் இரண்டு சில்லில் போகிறவர்கள்தான். ஒஸ்ரியா 2005 நவம்பரில் கார்களுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. மோட்டார் சைக்கிள்களின் தனி அடையாளம் கார் விளக்குகளுக்கிடையில் கரைந்துவிடும் என்ற வாதம் அப்போது அழுத்தமாக வைக்கப்பட்டது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வோ, கார்களின் பகல் விளக்கால் மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் கூடின என்று காட்டவில்லை.

என் எண்ணத்தில், ஒஸ்ரியாவின் தயக்கத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது மோட்டார் சைக்கிளின் விளக்கும் பகலில் எரிய வேண்டும் என்பதே. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களின் ஹெட்லைற் என்ஜினோடு சேர்ந்தே எரிகிறது. அப்படி வந்த பைக்குக்குத் தனிச் சுவிற்ச் போட்டுத் தரும்படி கேட்கும் தம்பிமாருக்கும் கார்க்காரருக்குச் சொல்லும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

எதிரில வாறவையின்ர கண்ணைக் கூசாதோ?

பகலில், சரியாகச் செய்யப்பட்ட விளக்கு கூசாது. ஐக்கிய நாடுகளின் 87 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, ஒரு பகல் விளக்கின் ஒளிச்செறிவு 400 கண்டெலாவுக்குக் குறையாமலும் 1,200 கண்டெலாவைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஹெட்லைற்றைப் போட்டவுடன் அது அணைய வேண்டும் அல்லது பார்க் லைற் அளவுக்கு மங்க வேண்டும். எனவே இரவிலும் கூசுகிறது என்றால் பெரும்பாலும் அது கடையில் வாங்கிப் பூட்டியதாகவோ, ஹெட்லைற்றில் பொருந்தாத எல்.ஈ.டி. பல்ப் போட்டதாகவோ இருக்கும்.

பழைய அமெரிக்க, கனேடிய கார்கள் சிலவற்றில் தனி விளக்கு இல்லாமல், ஹெட்லைற்றில் தூரத்துக்கு ஒளி வீசும் பிறைற் பல்ப் இரண்டையும் தொடராக இணைத்து ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ற்றளவு மட்டும் போகும்படி செய்திருந்தார்கள். அவை உயரமான வாகனங்களில் கண்ணை உறுத்துகின்றன என்று அந்நாடுகளில் எழுந்த முறைப்பாடுகளைக் கேள்விப்பட்டவர்களே இங்கும் வந்து இதைக் கேட்கிறார்கள்.

சரி, எனக்கு வேண்டாம். வயரை வெட்டி விடுங்கோவன்.

வயரை வெட்ட மாட்டேன். சென்ற வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு கார் வந்தது. வேறெங்கோ பகல் விளக்கின் வயரை வெட்டிக் கறுப்பு ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். ரேப்பைப் பிரித்தபோது பசை மட்டும் மிஞ்சியிருந்தது; செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து, விரல் பட்டவுடன் மாவாக உதிர்ந்தது. கடற்காற்று உள்ள ஊரில் மூடாத செம்பு அவ்வளவுதான் தாங்கும். களிம்பு வயருக்குள்ளேயே ஓடியிருந்ததால் ஒரு முழ நீளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதோடு அந்தக் காரில் பகல் விளக்கும் பார்க் லைற்றும் ஒரே எல்.ஈ.டி. பட்டிதான்: பகலில் முழு ஒளி, இரவில் மங்கிய ஒளி. பகலை வெட்டியவர்கள் இரவையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள், உரிமையாளருக்கு அது தெரியாமலே இருந்தது.

நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முதலில் காரின் திரையில் வரும் அமைப்புப் பட்டியலில் (செற்றிங்ஸ்) பாருங்கள். சில கார்களில் அங்கேயே அணைக்கலாம். அடுத்தது, கணினி இணைத்து மாற்றுவது. இதில் திரும்பவும் இயக்குவது எளிது. பியூஸைக் கழற்றுவது மூன்றாவது வழி, ஆனால் அந்த பியூஸில் வேறெது தொங்குகிறது என்று கைநூலில் பார்க்காமல் தொடக்கூடாது. எதைச் செய்தாலும் செய்ததை ஒரு தாளில் எழுதிக் காருக்குள் வைத்துவிடுங்கள், நாளைக்கு வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஹான்ட் பிறேக்கை ஒரு பல்லு இழுத்துவிட்டால் லைற் நூருதாம். அப்பிடி ஓடலாமோ?

ஓடக்கூடாது. பல கார்களில் ஹான்ட் பிறேக் போட்டிருக்கும் வரை பகல் விளக்கு எரியாது என்பது உண்மை; அது நிற்கும் காருக்காகச் செய்யப்பட்ட வசதி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதி ஓரம் காத்திருக்கும்போதோ, செத்தவீட்டு வாசலில் நிற்கும்போதோ விளக்கை நூர்ப்பதற்கு அதுவே போதும். ஒரு பல்லு இழுத்தபடி ஓடினால் பின் பிறேக் உராய்ந்து சூடேறும், எச்சரிக்கை விளக்கு எந்நேரமும் எரிவதால் பிறேக் எண்ணெய் உண்மையிலேயே குறையும் நாளில் அதைக் கவனிக்கவும் மாட்டீர்கள். சில ஐரோப்பியக் கார்களில் மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழே கையால் அணைத்து வைக்கலாம், வேகம் கூடியதும் தானாக எரியும்.

முன்னுக்கு லைற் எரியுதுதானே, பொழுதுபடேக்கை ஹெட்லைற் போடாட்டில் என்ன?

பகல் விளக்கால் வரக்கூடிய உண்மையான ஆபத்து இதுதான், ஆனால் என்னிடம் இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். பெரும்பாலான கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின் லைற் எரியாது. இக்காலத்துக் கார்களில் மீற்றர்ப் பலகை எந்நேரமும் ஒளிர்வதால், விளக்குப் போடவில்லை என்பதை உள்ளே இருப்பவருக்கு உணர்த்த எதுவும் இல்லை. முன்னால் மதிலில் வெளிச்சம் விழும், மீற்றர் ஒளிரும், பின்பக்கம் முழு இருட்டாக இருக்கும்.

ஒரு கார்த்திகை மாலை, கொடிகாமத்திலிருந்து சாவகச்சேரிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. எனக்கு முன்னே ஒன்றும் இல்லை என்று நினைத்தபடி வந்தவன், எதிரில் வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் முப்பது அடிக்குள் ஒரு கரிய கார் போய்க்கொண்டிருப்பதைக் கண்டேன். பிறேக்கை மிதித்த வேகத்தில் பின் ஆசனத்தில் இருந்த கருவிப் பெட்டி முன்னுக்கு வந்து விழுந்தது. அந்தக் காரின் முன்பக்கத்தைப் பிறகு பார்த்தேன், இரண்டு பகல் விளக்கும் அழகாக எரிந்துகொண்டிருந்தன. கனடாவில் இப்படி ஓடுபவற்றைப் பேய் வாகனங்கள் என்றே அழைத்து, 2021 செப்ரெம்பருக்குப் பின்னர் செய்யப்படும் புதிய வாகனங்களில் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள்.

எங்கள் அந்தி மிகவும் குறுகியது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். சுவிற்சைத் தானியங்கி நிலையில் விட்டுவைப்பது நல்லது, ஆனால் பெரும்பாலான கார்களில் அந்த உணரி அளப்பது வெளிச்சத்தை மட்டுமே. மழையும் மூடுபனியும் அதற்குத் தெரியாது. வைப்பர் ஓடத் தொடங்கினால் கையால் டிம் லைற்றை, அதாவது ஹெட்லைற்றின் தாழ்ந்த ஒளியை, போடுங்கள்.

என்ர காரில இந்த லைற் இல்லை. கடையில விக்கிற எல்.ஈ.டி. பட்டி ஒட்டலாமோ?

ஒட்டுவதற்கு முன் விளக்கின் கண்ணாடியில் "ஆர்.எல்." என்ற ஆங்கில எழுத்துகளும், வட்டத்துக்குள் "ஈ" என்ற ஆங்கில எழுத்தும் இலக்கமும் பதித்திருக்கிறதா என்று பாருங்கள், மேலே சொன்ன ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்ட விளக்கின் அடையாளம் அது. நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும், மின்னக் கூடாது. தரையிலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில், இரண்டுக்கும் இடையில் 60 சென்ரிமீற்றராவது விட்டுப் பூட்ட வேண்டும். பற்றரியிலிருந்து நேரே இழுக்காமல், என்ஜின் ஓடும்போது மட்டும் எரியவும் ஹெட்லைற்றுடன் அணையவும் றிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிற்ச்) வைத்துக் கட்ட வேண்டும். இவ்வளவும் வேண்டாம் என்பவர், மழையிலும் நெடும் பயணத்திலும் டிம் லைற்றைப் போட்டு ஓடினாலே போதும். செலவுக் கணக்கு மூன்றாவது பதிலில் இருக்கிறது.

அப்பாவின்ர பழைய மொறிஸ் மைனருக்குப் பூட்டலாமோ?

பூட்டலாம், ஆனால் கவனமாக. மொறிஸ் மைனரில், இக்காலத்துக் கார்களைப் போல் எதிர்முனை அல்ல, பற்றரியின் நேர்முனைதான் காரின் உலோக உடலில் இணைக்கப்பட்டிருக்கும். இக்காலத்து விளக்கை வழக்கம் போல் இணைத்தால் எரியாது, சில வேளை கெட்டும் போகும். அதில் இருப்பது ஒல்ரனேற்றர் இல்லை, டைனமோ. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது பற்றரிக்கு ஒன்றும் கொடுக்காது. ஆகையால் ஹெட்லைற்றைப் பகலில் எரிப்பதை விடச் சிறிய எல்.ஈ.டி. விளக்கே அந்தக் காருக்கு உகந்தது. யாரோ பிற்காலத்தில் முனையை மாற்றியும் இருக்கலாம், மீற்றர் வைத்துப் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும்.

சிக்னல் போடேக்கை அந்தப் பக்கத்து லைற் மங்குது. பழுதோ?

பழுதில்லை. சிக்னல் லைற் பகல் விளக்குக்கு மிக அருகில் இருந்தால், வெள்ளை ஒளி செம்மஞ்சளை மறைக்காதபடி அந்தப் பக்கத்துப் பகல் விளக்கு மங்கும் அல்லது அணையும்.

ஒரு பக்கம் எரியேல்லை. புதுசு வாற வரைக்கும் மற்றதையும் கழட்டி விடுவமோ?

இதற்கு மட்டும் நான் ஓம் என்று சொல்வேன். மங்கலான நேரத்தில் ஒற்றை விளக்கோடு வரும் காரை எதிரில் வருபவர் மோட்டார் சைக்கிள் என்று எடுத்துக்கொள்வார். எரியாத பக்கம் வீதியின் நடுவை ஒட்டிய வலப் பக்கமாக இருந்தால், காரின் பாதி அகலத்தைக் கணக்கில் எடுக்காமலே அவர் முந்திச் செல்ல வெளியே எடுப்பார். பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போகும் ஒடுங்கிய வீதியில் அந்தப் பிழைக்கு இடமே இல்லை.

முதலில் இணைப்பானின் உலோகப் பின்களில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டவை அதைத் துடைத்தவுடன் எரிந்துவிடுகின்றன. அப்படியும் எரியாவிட்டால், எரிகிற பக்கத்தின் இணைப்பானை இழுத்துக் கழற்றி, வாயை மழைநீர் போகாதபடி மூடிக் கட்டிவிட்டு, புதியது வரும் நாள்வரை டிம் லைற்றைப் போட்டு ஓடுங்கள். ஆனால் அதற்கு முன் பார்க் லைற்றைப் போட்டுப் பாருங்கள்; அதுவும் அதே பட்டியில்தான் எரிகிறது என்றால் இணைப்பானைத் தொட வேண்டாம், டிம் லைற் மட்டும் போதும்.